தூக்கும் உடல்

விமானத்தை மேலே தூக்குவது இறக்கை. உடல் சுமக்கப்படும் பாரம் மட்டுமே. இந்த ஏற்பாட்டை மாற்ற முனைந்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் வின்சென்ட் பர்னெல்லி. உடலை அகலமாக, இறக்கையின் குறுக்குவெட்டு வடிவிலேயே அமைத்தால் அதுவும் தூக்குவிசை தரும் என்றார். அவருடைய ஆர்பி-1 விமானம் 1921இல் உருவானது.

அந்தக் கொள்கையின் முதிர்ந்த வடிவம், மொன்றியலில் பிறந்தது. கனடியன் கார் அண்ட் ஃபவுண்டரி நிறுவனம் கட்டிய சிபிஒய்-3 லோட்மாஸ்டர் 1944இல் பறந்தது. இரட்டை இயந்திரம், இரட்டை வால்தண்டு, நடுவே சரக்கு ஏற்ற வசதியான அகன்ற அறை. நல்ல விமானம்தான். ஆனாலும் போர் முடிந்ததும் உபரியான டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. லோட்மாஸ்டர் ஒன்றோடு நின்றுபோனது. அந்த ஒரே விமானம் இன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகத்தில் உள்ளது.

விண்வெளி யுகம் இன்னும் துணிந்து, இறக்கையையே நீக்கிப் பார்த்தது. வளிமண்டலத்துக்குள் திரும்பும் கலத்தின் மெல்லிய இறக்கை விளிம்புகளைக் கடும் வெப்பம் தாக்கும். மழுங்கிய உடல் அதைத் தாங்கும். சரியான வடிவம் தந்தால் விரும்பிய இடத்துக்கு மிதந்தும் வரும். டேல் ரீட் முன்னின்று உருவாக்கிய நாசாவின் ஒட்டுப்பலகைக் கலம் எம்2-எஃப்1, 1963இல் இதை மெய்ப்பித்தது. 1975இல் இதே வகையைச் சேர்ந்த எக்ஸ்-24பி கலம் இயந்திர விசையின்றிக் கான்கிரீட் ஓடுபாதையில் துல்லியமாக இறங்கியது. விண்ணோடமும் அவ்வாறே தரையிறங்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது வலுவூட்டியது. ஐரோப்பாவின் ஐஎக்ஸ்வி கலம் 2015இல் இறக்கையின்றியே வளிமண்டலத்துக்குள் திரும்பிப் பசிபிக் பெருங்கடலில் இறங்கியது.