வேப்பமரத்தில் பலாப்பழமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெரு ஒன்றில் நடந்து வருகிறீர்கள். வேப்பங்கிளையில் பலாப்பழம் மாதிரி ஏதோ தொங்குகிறது. காலையில் அது அங்கே இல்லை. உற்றுப் பார்த்தால் 'பழம்' நெளிகிறது! ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றின் காலை ஒன்று பற்றிக்கொண்டு தொங்குகின்றன.

கல்லைத் தேடாதீர்கள். அது தேன்கூடு அல்ல, வீடு தேடிப் புறப்பட்ட குடும்பம்.

கூட்டில் நெருக்கடி வந்துவிட்டால், வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு அம்மா கிளம்பிவிடுவாள். பழைய ராணியோடு வேலைக்காரத் தேனீக்களில் பாதிக்கு மேல் போகும். வயிறு நிறையத் தேன்தான் அவற்றின் கட்டுச்சோறு. காக்க வேண்டிய அடையோ குஞ்சுகளோ இல்லாததால், சீண்டாதவரை பெரும்பாலும் கொட்டுவதில்லை.

வீடு பார்ப்பது யார்? சில நூறு ஒற்றர் தேனீக்கள். மரப்பொந்து, சுவர் இடுக்கு என்று தேடிவிட்டு வந்து, கூட்டத்தின் மேலேயே நடனமாடும். ஆடும் கோடு திசையைச் சொல்லும். ஆடும் நேரம் தூரத்தைச் சொல்லும். 1949-ல் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் லிண்டாவர் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். ஆடிய தேனீக்களின் உடம்பில் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன! பூவுக்குப் போனால் செங்கல் தூள் எப்படி ஒட்டும்? அவை வீடு பார்த்துவிட்டு வந்தவை என்று புரிந்துகொண்டார். ஆடும் ஒற்றர்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்துக்கு ஆடத் தொடங்கியதும் கூட்டம் பறந்துவிடும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம், சில நாளும் ஆகலாம்.

அவசரமென்றால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். தேனீ வளர்ப்பவர் வந்தால், அடுக்குத் தேனீ என்ற வகையாக இருந்தால் பெட்டியில் குடியேற்றிக்கொண்டு போவார்.

மலைத்தேனீ மட்டும் பெட்டிக்கு அடங்காது. உயரம்தான் அதற்குப் பிடிக்கும். பாறை, பெரிய மரம், தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம் எல்லாவற்றிலும் ஒற்றை அடையாகக் கட்டும். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் போன்ற உயரங்களில் அரைநிலா வடிவில் கருப்பாக ஏதாவது தொங்கினால், அடியில் நிற்காதீர்கள். புகை, பட்டாசு, கல் எதுவும் வேண்டாம். 101-ல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

தேனீக்கள் துரத்தினால்? கையை வீசாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு ஓடி, ஒரு வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதித்தால், தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றும். ஒரு தேனீ கொட்டியதும் வாழைப்பழ வாசனை போல ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுவே அழைப்பு. கொடுக்கு தோலில் தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். நிறையக் கொட்டினாலோ மூச்சு முட்டினாலோ 108.

நம் ஊருக்குப் பிடித்த செய்தி ஒன்று: பட்டுப்புழு மட்டுமல்ல, தேனீப் புழுவும் தன் அறைக்குள் பட்டு நூற்கும். வேப்பங்கிளையில் தொங்கும் அந்த நெசவுக்காரக் குடும்பம் தங்க இடம் பார்க்கிறது. இரண்டு நாள் அடுத்த தெரு வழியாகப் பள்ளிக்குப் போங்களேன்!