நிலக்கரியில இருந்து எண்ணெய்: ஷேர் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறீங்களா? போனஸ் வந்த வாரத்துல, "நிலக்கரியில இருந்து எரிபொருள், இந்த ஷேர் பல மடங்கு ஏறும்"னு வாட்ஸ்அப்ல டிப் வந்தா, முதல்ல இதைப் படிங்க.

தொழில்நுட்பம் உண்மைதான், ஆனா புதுசு இல்ல. நிலக்கரியோட அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்து எண்ணெயாக்கும் முறைக்கு ஜெர்மனியின் பெர்ஜியஸ் 1913-லேயே காப்புரிமை வாங்கினார். 1931-ல் நோபல் பரிசும் கிடைச்சது. நம்ம நெய்வேலியிலயும், பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, வினையூக்கி வழியா தினம் 1,200 டன் மெத்தனால் தயாரிக்க என்எல்சி திட்டமிட்டது. இப்படி நிலக்கரியை வாயுவாக்கும் திட்டங்களுக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை தர மத்திய அமைச்சரவை 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

அப்போ சிக்கல் எங்கே? லாபத்தில். ஆலை கட்டவே ஆயிரக்கணக்கான கோடியும் பல வருஷமும் ஆகும். வட்டியும் தேய்மானமும் மாறாத செலவு. விற்பனை விலையோ கச்சா எண்ணெயோட சேர்ந்து ஆடும். 2008 ஜூலையில் ஒரு பேரல் 147 டாலர். அதே டிசம்பர்ல 40-க்கும் கீழே!

அதனால ஆண்டறிக்கையைத் திறந்து மூணே கேள்வி கேளுங்க. திட்டம் பேப்பர்ல இருக்கா, உற்பத்திக்கு வந்தாச்சா? கடன் எவ்வளவு? எண்ணெய் விலை எதுக்குக் கீழே போனா நஷ்டம்? பதில் கிடைக்கலைன்னா, எஸ்ஐபி-யை நிறுத்தி அந்தப் பணத்தை இதுல போடாதீங்க.