கிளினிக் கொப்பியும் கூடப் போகட்டும்

ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வடக்கே உறவு இல்லாத குடும்பங்களை நான் அதிகம் கண்டதில்லை. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர். 2009 வரை போரின் அடியை முழுமையாக வாங்கியவர்களில் அவர்களும் அடங்குவர். அதனால் இங்குள்ள பெண்களுக்கு வன்னிப் பயணம் என்பது விருப்பத்துக்குப் போய் வருவதல்ல. திவசம் இருக்கும், காணாமல் போனவருக்கான விசாரணை இருக்கும், தனித்துப் போன மதினிக்கு வயலில் உதவி தேவைப்படும்.

இப்படிப் போகிறவர்களில் முடக்குவாதத்துக்குக் குளிசை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கிளினிக்கில் இதைச் சுருக்கமாக ஆர்.ஏ. என்று எழுதுவார்கள். குளிரில் கொழுந்து பறித்து வந்த கைவலி என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் இது தேய்மானம் அல்ல. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் மாறி சொந்த மூட்டையே தாக்குகின்ற நோய். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. இதற்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட், பிரெட்னிசலோன் போன்ற மருந்துகள் அந்தக் காவலைக் கொஞ்சம் அடக்கி வைக்கின்றன. விரல் மடங்குகிறது, காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிகிறது. அதே வேளை, வெளியிலிருந்து ஒரு கிருமி நுழைந்தால் எதிர்க்கும் பலமும் குறைந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய பெயரும் தோட்டமும் இங்கு வேண்டாம். ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட், தினமும் காலையில் பிரெட்னிசலோன் எடுத்து வந்தவர். 2022 டிசம்பரில் அண்ணனின் திவசத்துக்காகக் கிளிநொச்சிக்குப் போனார். அண்ணன் 2009இல் இறந்தவர். மதினி தனியாகக் கொஞ்சம் நெல் செய்கிறார். மாரி மழை, வயல் முழுக்கத் தண்ணீர். போன இடத்தில் சும்மா இருக்க மனம் வராமல் நான்கைந்து நாட்கள் களை பிடுங்கினார். மலையில் நடந்து நடந்து பாளம் பாளமாக வெடித்த குதிகாலோடுதான் அந்தச் சேற்றில் இறங்கினார்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, வெடிப்பு, காயம், கண், மூக்கு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் நோய் தெரியும். 2008இல் இந்த நாட்டில் 7000க்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இன்னதென்று தெரியாத காய்ச்சல் என்று மக்கள் பயந்ததும், கடைசியில் எலிக்காய்ச்சலாகவே உறுதியானது.

அக்காவுக்குத் திரும்பி வரும் பயணத்தில் தொடங்கியது. முதலில் கெண்டைக்கால் வலி, பிறகு தலையிடி, கண் சிவப்பு. உடம்பு இலேசாகத்தான் சுட்டது. பஸ்சில் நெடுநேரம் கால் தொங்கிய வலி என்றும், பழைய வாதம் என்றும் நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பிரெட்னிசலோன் எடுப்பவருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்காமலே உள்ளே நோய் முற்றக்கூடும். பரசிட்டமோல் போட்டிருந்தால் இன்னும் மறைந்து விடும். வழியில் ஒரு மருந்துக் கடையில் வலிக்குக் குளிசை கேட்க, டைக்ளோபெனாக் கொடுத்தார்கள். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் ஏற்கனவே அடி வாங்கியிருக்கும், அந்த மருந்து அதை மேலும் வருத்தும். டெங்கு என்றால் இரத்தக் கசிவையே கூட்டிவிடும். வாதக்காரர்களின் பையில் இந்த வலிக் குளிசை எப்போதும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: காரணம் தெரியாத காய்ச்சலில் அதைத் தொடாதீர்கள்.

அடுத்த நாள் நிற்க முடியாமல் ஒரு ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது “வாதத்துக்கு மஞ்சள் குளிசை” என்றாராம். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. கிளினிக் கொப்பி ராகலையில், லயத்துக் காம்பராவில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. மறந்து போன கொப்பி அல்ல அது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், தாய்க்கு முடக்குவாதம் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் “பரம்பரை நோய்” என்று விலகி விடுவார்களோ என்ற பயத்தில் வைத்துவிட்டுப் போனது.

மகள் என்னைக் கூப்பிட்டார். இருவரும் கொப்பியைத் தேடி எடுத்தோம். வைத்தியரின் கையெழுத்தில் இருந்த மருந்தின் பெயரை எம், ஈ, டி, எச் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொலைபேசியில் வாசித்தோம். அந்தப் பக்கம் இருந்த தாதி முழுப்பெயரைத் திருப்பிச் சொன்னதும் நடவடிக்கை மாறியது. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினார்கள். பிரெட்னிசலோனை நிறுத்தவில்லை, மாறாக அளவைக் கூட்டினார்கள். நீண்ட நாள் அதை எடுக்கும்போது உடம்பு தானாகச் சுரக்கும் சுரப்பைக் குறைத்துவிடும். நோயான நேரத்தில் திடீரென விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு மருந்தை நிறுத்த வேண்டும், மற்றதை நிறுத்தவே கூடாது. பெயர் தெரியாவிட்டால் எது எதுவென்று எந்த வைத்தியரால் சொல்ல முடியும்? இன்னொரு விடயமும் உண்டு. கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற சாதாரண கிருமிக்கொல்லியை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

வசதியுள்ளவர்களுக்கும் இந்த நோயும் மருந்தும் இலகுவானவை அல்ல. அமெரிக்காவின் ஈகிள்ஸ் இசைக்குழுப் பாடகர் கிளென் பிரே 2016 ஜனவரியில் இறந்தபோது முடக்குவாதம், குடல் அழற்சி, நியுமோனியா ஆகியவற்றின் சிக்கல்களே காரணம் என்று அவருடைய குழு அறிவித்தது. மருந்துகளுக்கும் அதில் பங்குண்டு என்று அவருடைய முகாமையாளர் பகிரங்கமாகச் சொன்னார்.

நோயை மறைப்பது பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம்முடைய பெண்களைப் போல் கடதாசிகளைக் காத்தவர்கள் யார்? மலையகத்தில் பிரஜாவுரிமைக்காகப் பாட்டன் காலத்துத் துண்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015இல் அகற்றப்படும் வரை அடையாள அட்டை இல்லாமல் அந்த வழியால் போக யாரும் துணியவில்லை. அந்தப் பையிலேயே கிளினிக் கொப்பிக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை. வைத்தியருக்குக் காட்டினால் போதும். கொப்பியைக் கொண்டுபோக முடியாதவர்கள் மருந்தின் பெயர், அளவு, எடுக்கும் கிழமை ஆகியவற்றை மகளையோ மிட்வைப் மிஸ்ஸையோ கொண்டு ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைக்கலாம். கிழமையை எழுதுவது முக்கியம். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பது. தினமும் போட்டு உயிர் இழந்தவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

போகும் முன் கிளினிக்கில் பயணத்தைச் சொல்லுங்கள். வயலில் இறங்க வேண்டியிருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்ஸிசைக்கிளின் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் விவசாயிகளுக்கு இது இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கால் வெடிப்பு இருந்தால் சேற்றில் இறங்காமல் அடுப்படியில் உதவுங்கள், மதினி கோபிக்க மாட்டார். கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள். அம்மை போட்ட வீட்டுக்குப் பார்க்கப் போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டால் அம்மை வரும் வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். இலேசான காய்ச்சல், இருமலோடு மூச்சு வாங்குதல், வாய்ப்புண், காரணமில்லாத இரத்தக் கண்டல் எதுவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழும்ப முடியாவிட்டால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அக்கா மூன்று வாரத்தில் வீடு வந்தார். வந்தவர் பயத்தில் மெத்தோட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடவே இல்லை. பெப்ரவரி முடிவில் விரல் முட்டிகள் வீங்கி, கூடையின் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு வைத்தியர் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். மகளின் கலியாணம் அடுத்த வைகாசியில் நடந்தது, மாப்பிள்ளையின் தாயாரும் அதே கிளினிக்குக்குத்தான் வருகிறார்.