உங்களுக்குத் தெரியுமா? எதிரெதிரே 80 முறை!

டென்னிஸ் வீராங்கனைகளான கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினார்கள். அதில் 60 இறுதிப் போட்டிகள்! மார்ட்டினாவுக்கு 43 வெற்றி, கிறிஸுக்கு 37. ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் ஆளுக்கு 18.

கிறிஸ் பின்கோட்டிலேயே நின்று இரு கையால் பேக்ஹேண்ட் விளாசுவார். இடக்கைக்காரரான மார்ட்டினா, சர்வீஸ் போட்ட வேகத்தில் வலையருகே பாய்ந்து வந்துவிடுவார். இந்த முரண்தான் ஆட்டத்தின் உயிர்.

1975 பிரெஞ்சு ஓப்பன் ஒற்றையர் இறுதியில் மார்ட்டினாவை வென்றார் கிறிஸ். அதே தொடரில் இருவரும் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் தட்டிச் சென்றது பேரழகு! அவ்வாண்டே தாய்நாடான செக்கோஸ்லோவாக்கியாவைத் துறந்த மார்ட்டினா, 1986 ஃபெடரேஷன் கோப்பைக்காக அமெரிக்க வீராங்கனையாகப் பிராகா திரும்பியபோது, அதே அணியில் கிறிஸும் இருந்தார். கோப்பை அமெரிக்காவுக்கே.