வீல்சேரோடு வெளியே கிளம்பணுமா? தாம்பரம் ஏரியா குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

தாம்பரம்:

காலை 9 மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் பெரியவர் வீல்சேரில் ரெடி. மகன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டான். வாசலில் நின்று கை காட்டினால், ஆட்டோக்காரர் சேரைப் பார்த்ததுமே, "அதெல்லாம் ஏத்த முடியாது தம்பி, வேற வண்டி பார்த்துக்க" என்று ஆக்சிலேட்டரை முறுக்குகிறார். அடுத்த வண்டி நிற்கிறது. ஆனால் இரண்டு மடங்கு கேட்கிறது. ஒரு மணி நேரம் இப்படியே போனால் டோக்கனும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் பக்கம் வீல்சேரில் ஒருவர் இருக்கும் வீடுகளில் இது வழக்கமான கதை. இதில் ஒரு விஷயத்தை பலர் கவனிப்பதில்லை. பயணத்தைக் கெடுப்பது தூரம் அல்ல. நடுவில் வரும் படிக்கட்டுதான். பஸ் படி, ரெயில் படி, நடைமேம்பாலப் படி. எங்கெங்கே படி வருகிறது, எங்கே லிப்ட் அல்லது சாய்தளம் இருக்கிறது என்று முதல்நாளே பார்த்துவிட்டால் பாதி சிரமம் தீர்ந்தது.

ஆட்டோவில் எப்படி?

மடக்கக்கூடிய சாதாரண வீல்சேர் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். கால் வைக்கும் பலகையைத் தூக்கிவிட்டு, இருக்கைத் துணியின் நடுவில் பிடித்து மேலே இழுத்தால் மடங்கிவிடும். மடக்கிய சேரை ஆட்டோவின் பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் குறுக்காக நிறுத்தலாம். ஆனால் அப்படி வைத்தால் பின்னால் இரண்டு பேர் உட்காருவதே கஷ்டம். குடும்பத்தில் நாலு பேர் என்றால் இரண்டு ஆட்டோ வேண்டும்.

அப்படி இரண்டு வண்டி பிடித்தால், சேர் எப்போதும் அதில் உட்காருபவரோடு ஒரே வண்டியில்தான் வர வேண்டும். சேர் வேறு வண்டியில் போய், அது சிக்னலில் மாட்டிக்கொண்டால், இறங்க வேண்டியவர் நடுரோட்டில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கி.மீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கி.மீட்டருக்கு 12 ரூபாய். இந்தக் கணக்குப்படி 10 கி.மீ. தூரத்துக்கு சுமார் 123 ரூபாய்தான் வருகிறது. ரோட்டில் கேட்பது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வாசலில் நின்று பேரம் பேசுவதை விட, ஏரியா ஸ்டாண்டில் பழக்கமான ஒரு டிரைவரிடம் முதல்நாள் மாலையே பேசி வைப்பது நல்லது. "அண்ணே, மடக்குற சேர் ஒண்ணு இருக்கு, ஏத்த இறக்க அஞ்சு நிமிஷம் ஆகும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், காலையில் சண்டை வராது.

கார் புக் பண்ணும் முன்...

கார் என்றால் வசதி என்று நினைத்து புக் செய்துவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. காரணம் டிக்கி! இப்போது பல வாடகை கார்களில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. அதில் வீல்சேர் நுழையாது. ஆகவே புக் செய்ததும் டிரைவருக்கு போன் போட்டு, "டிக்கியில சிலிண்டர் இருக்கா? மேலே கேரியர் இருக்கா?" என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்டுவிட வேண்டும். கேரியர் இருந்தால் கட்டுவதற்கு கயிறு வீட்டிலிருந்தே எடுத்துப்போவது நல்லது.

ரொம்பத் தாழ்வான காரில் உட்கார்ந்து எழுவது கஷ்டம். ரொம்ப உயரமான வண்டியில் ஏற்றுவது கஷ்டம். வீல்சேர் இருக்கை உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக சீட் உள்ள வண்டியே உடம்புக்கு நல்லது.

ஏற்றும்போது பலர் செய்யும் தவறு, இரண்டு கையையும் பிடித்து இழுப்பது. இதனால் தோள்பட்டை பிசகும். முன்சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி, சேரை கதவுக்கு அருகே சற்று சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட வேண்டும். முதலில் இடுப்பு சீட்டில் உட்கார வேண்டும். பிறகுதான் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும். தலை இடிக்காமல் ஒருவர் கையை வைத்துக்கொள்வது அவசியம்.

மடக்க முடியாத பேட்டரி வீல்சேர் என்றால் ஆட்டோ, சின்ன கார் எதுவும் உதவாது. பின்கதவு அகலமாகத் திறக்கும் வேனும், ஏற்றுவதற்குப் பலகையும் தேவை.

மெட்ரோவில் படி கிடையாது

ஏற்றி இறக்கும் வேலையே இல்லாமல், சேரில் உட்கார்ந்தபடியே போக முடிகிற வழி மெட்ரோ ரெயில். ஸ்டேஷன்களில் லிப்ட் உண்டு. பிளாட்பாரமும் ரெயில் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். பெட்டியில் வீல்சேர் நிறுத்த தனி இடமும் இருக்கிறது.

தாம்பரத்துக்கு மெட்ரோ இல்லையே என்று கேட்கலாம். 2016 செப்டம்பரில் மெட்ரோ விமான நிலையம் வரை வந்தது. தாம்பரத்தில் இருந்து அங்கே சுமார் 10 கி.மீ. அதுவரை ஆட்டோ, அதற்குமேல் மெட்ரோ என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், அலுப்பும் குறையும்.

சென்டிரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் விமான நிலையத்தில் ஏறினால் மாறாமல் சென்டிரலில் இறங்கலாம். கே.கே.நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போகிறவர்கள் ஆலந்தூரில் வேறு ரெயில் மாறி அசோக்நகரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். லிப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்பதை மட்டும் ஸ்டேஷன் ஊழியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரோட்டின் தப்பான பக்கத்தில் ஆட்டோ இறக்கிவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையை வீல்சேரோடு தாண்டுவது உயிருக்கே ஆபத்து.

தாழ்தள பஸ் வந்த கதை

சாதாரண பஸ்சின் தளம் ரோட்டில் இருந்து 90 செ.மீ. உயரம். தாழ்தள பஸ்சில் அது 40 செ.மீ. மட்டுமே. ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு பக்கம் இன்னும் தாழ்ந்து கொடுக்கும். சாய்தளப் பலகையை விரித்தால் சேர் நேராக உள்ளே போய்விடும்.

இது சும்மா வந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாத பஸ்களை வாங்கக்கூடாது என்று ஆர்வலர் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் ஐகோர்ட்டு படி ஏறினார்கள். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் 120 மின்சார பஸ்களும், அதே ஆண்டு ஆகஸ்டில் பெரும்பாக்கம் டெப்போவில் இருந்து 135 மின்சார பஸ்களும் விடப்பட்டன. இவையும் தாழ்தள பஸ்கள்தான்.

ஆனாலும் எல்லா ரூட்டிலும், எல்லா நேரத்திலும் இந்த பஸ் வராது. எந்த ரூட்டில் ஓடுகிறது என்று டெப்போவில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பஸ் எங்கே வருகிறது என்பதை 'சென்னை பஸ்' செயலியில் பார்க்கலாம். ஸ்டாப்பில் ஆட்டோவும் பைக்கும் நின்றால் பஸ் ஓரம் கட்ட முடியாது. ஓரம் கட்டாவிட்டால் சாய்தளத்தை விரிக்கவும் முடியாது. அதனால் கூட வருபவர் முன்னால் நின்று டிரைவருக்கு கை காட்டி, வீல்சேர் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

சாதாரண கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும், உதவிக்கு வரும் ஒருவருக்கும் 2021-ம் ஆண்டு முதல் டிக்கெட் கிடையாது.

மின்சார ரெயில் யாருக்கு?

கடற்கரை-தாம்பரம் மின்சார ரெயில் 1931-ல் இருந்து ஓடுகிறது. டிக்கெட் விலை குறைவு, மாற்றுத்திறனாளிகளுக்கு தனிப் பெட்டியும் உண்டு. ஆனால் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளியும், ஒரு அடிக்கு மேல் உயர வித்தியாசமும் இருக்கிறது. சேரைத் தூக்க பலசாலிகள் இரண்டு பேராவது கூட வந்தால்தான் இது சரிப்படும்.

அப்படிப் போகிறவர்கள் தாம்பரத்திலேயே புறப்படும் ரெயிலில் ஏறுவது புத்திசாலித்தனம். அது கிளம்பும் வரை நின்றுகொண்டிருக்கும். நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் அரை நிமிஷம்தான். காலை ஆபீஸ் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. வெளியூர் ரெயிலுக்குப் போகிறவர்கள் 139 என்ற ரெயில்வே எண்ணில் விசாரித்துக்கொள்ளலாம்.

தென்மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் 30-ந்தேதி திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்தில் இருந்துதான் கிளம்புகின்றன. இடம் ரொம்பப் பெரியது. உள்ளே போகவே நேரம் ஆகும். பஸ் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருவது நல்லது.

முட்டுக்காடு போகணும்னா...

பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. குழந்தைகளை பயிற்சிக்கு அழைத்துப்போகும் பெற்றோர் பலர் உண்டு. தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக சுமார் 30 கி.மீ. போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்று பிடித்தால் திரும்பும்போது கிழக்கு கடற்கரை சாலையில் நிற்க வேண்டியதுதான். காத்திருந்து கூட்டிவரும் வண்டியாகப் பேசுவதே மேல். ஒரே ஏரியாவில் இருந்து போகும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசினால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

108 ஆம்புலன்ஸ் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான். வழக்கமான செக்கப்புக்கோ, வீடு திரும்புவதற்கோ அதைக் கூப்பிடக்கூடாது.

மழை வந்தால்

2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மறக்கவில்லை. மழை சீசனில் வீல்சேர் உள்ள வீடு கடைசி வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டால் சக்கரம் நகராது, ஆட்டோவும் வராது. எச்சரிக்கை வந்ததுமே மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது பாதுகாப்பு.

கேட்பது பிச்சை இல்லை, உரிமை

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41-வது பிரிவு, பஸ் நிலையம், ரெயில் நிலையம், வாகனங்கள் எல்லாவற்றிலும் அவர்கள் தடையின்றி பயணம் செய்ய வசதி செய்ய வேண்டும் என்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை ஜெயில். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும், இந்த வசதிகளுக்கான விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று கூறிவிட்டது.

சலுகைகளுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. எனவே இந்தப் பகுதி மக்கள் அணுக வேண்டியது செங்கல்பட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை. சென்னை அலுவலகத்துக்குப் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி செய்ய வேண்டியவை இவ்வளவுதான். டிரைவருக்கு ஒரு போன். சேரின் டயரில் காற்று, பிரேக் சரிபார்ப்பு. அடையாள அட்டை, ஆஸ்பத்திரி சீட்டு, கட்டுவதற்கு ஒரு கயிறு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட். முக்கியமாக, சேரில் உட்காருபவரிடமே ஒரு வார்த்தை: "நாளைக்கு எப்படிப் போனா உங்களுக்கு வசதிப்பா?" எந்தப் படியில் வலிக்கும், எந்த வண்டியில் முதுகு தாங்காது என்பது அவருக்குத்தானே தெரியும்!