தூக்குச்சட்டி எங்கே போயிற்று?

நோன்பு மாதத்தின் மாலை வேளை. அஸர் தொழுகை முடிந்ததும் திருவான்மியூர்ப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் முற்றத்தில் கஞ்சிக்காக வரிசை நிற்கின்றது. முன்பெல்லாம் அவ்வரிசையைத் தெருமுனையிலேயே காதால் அறிந்துகொள்ளலாம். தூக்குச்சட்டிகளும் எவர்சில்வர் வாளிகளும் ஒன்றோடொன்று உரசும் ஓசை அது. இப்போது அந்த ஓசை குறைந்துவிட்டது. வெறுங்கையோடு வந்து, "ஒரு கவரில் ஊற்றிக் கொடுங்கள் பாய்" என்று கேட்போர் பலர். கொதிக்கும் கஞ்சி மெல்லிய பைக்குள் இறங்குகின்றது. ரப்பர் வளையத்தால் வாய் கட்டப்பட்டு வீடு செல்கின்றது. நோன்பு திறந்த சற்று நேரத்தில் அந்தப் பை குப்பைக்கூடையில் கிடக்கின்றது.

பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதுகின்றேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அலுவலகத்திலிருந்து நேரே வந்த ஒரு நாளில் நானும் அவ்வாறு கேட்டு வாங்கியவன்தான். உம்மா அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் வாப்பா, இந்தச் சூட்டை இதிலேயா ஊற்றினார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், தமிழக அரசு தடையை அறிவித்தது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை, 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டன. உணவு கட்டும் தாள், தேநீர்க் குவளை, உறிஞ்சுகுழல், எத்தனை தடிமனாயினும் கைப்பை ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் உள்ளன. பின்னர் 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் நாடு முழுமைக்கும் 19 பொருள்களைத் தடைசெய்தது. ஆயினும் கவர் கேட்டால் கிடைக்கின்றது. கேட்கும் கை இருக்கும்வரை கொடுக்கும் கையும் இருக்கத்தானே செய்யும்!

எறிந்த பை எங்கே செல்கின்றது? திருவான்மியூர்வாசிகள் நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட பெருங்குடிக் கிடங்கு நமக்கு அண்டை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கிக்கொண்டு ஏறத்தாழ 225 ஏக்கரில் அது பரந்து கிடந்தது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ நாள் கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சார் ஈரநிலம் என்னும் உலக மதிப்பும் வந்து சேர்ந்தது. ஒரு கை மாலை சூட்ட, மறு கை சேறு பூசிய கதை! கடலும் நமக்கு அண்டையே. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான மணலில், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் ஆண்டுதோறும் இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகின்றனர். முட்டையிட ஆமை ஏறி வரும் கரையில்தான் நம் கவர்களும் ஒதுங்குகின்றன.

சரி, பிளாஸ்டிக்கை விடுவோம், 'பசுமைப் பொருள்' வாங்குவோம் என்று கடைக்குச் சென்றால் அங்கே வேறொரு தொல்லை. துணிபோலத் தோன்றும் நெய்யாப் பைகள் பல நிறங்களில் தொங்குகின்றன. தொட்டால் துணி, உண்மையில் அது பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். தமிழகத் தடைப்பட்டியலில் அதுவும் அடக்கம். காகிதக் குவளையும் அப்படியே. நீர் கசியாதிருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு நினைவில் நிறுத்தத்தக்கது: அத்தகைய குவளையில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. காகிதம் என்று நம்பி நாம் தேநீர் அருந்துகின்றோம். உம்மா கேட்ட கேள்வியை அறிவியல் கூடத்தில் கேட்டிருக்கின்றார்கள், அவ்வளவுதான்.

நல்ல பொருளை மக்கள் அடையாளம் காண்பதற்கென்று 1991லேயே மத்திய அரசு 'ஈக்கோமார்க்' முத்திரையைக் கொண்டு வந்தது. அதன் சின்னம் மண்பானை! ஆனால் அம்முத்திரையைப் பெற முன்வந்த நிறுவனங்கள் மிகச் சில. 2024இல் புதிய விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. எப்படியாகின்றது, பார்ப்போம். அடுப்படியில் இருந்த பானையை வெளியேற்றிவிட்டு, அதனை முத்திரையில் தேடுகின்றோமே என்பதுதான் என் வியப்பு.

மஞ்சப்பைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 டிசம்பரில் தொடங்கி வைத்தார். கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமும் வந்தது. நல்ல முயற்சி. ஆனால் பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் மின்சாரமும் செலவாகின்றன. பருத்திப் பையை 131 முறையேனும் பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒரு முறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது மேலாகும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்கிட்டது. கல்யாண வீடுகளில் கிடைத்த பைகள் நம் அலமாரிகளில் மடித்தபடியே உறங்குகின்றனவே, அவற்றால் யாருக்கு என்ன பயன்? சகோதரிகளே, புதிய பை வாங்கும் முன் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.

இவ்வகையில் நம் முன்னோர் வழக்கங்களை நினைத்தால் நெஞ்சு நிறைகின்றது. காயல்பட்டினம், கீழக்கரை விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் சேர்ந்தமர்ந்து உண்பார்கள். எறிவதற்கு இலையும் இல்லை, தட்டும் இல்லை. கழுவிக் கவிழ்த்தால் அடுத்த பந்திக்கு ஆயத்தம். இராமநாதபுரம் பக்கம் பனையோலைக் கொட்டானில் பண்டம் கொடுத்து அனுப்புவது வழக்கம். குர்பானி இறைச்சியைப் பங்கிட அத்தகைய ஓலைப்பெட்டியும், உள்ளே ஒரு வாழை இலையும் போதாதா? சென்னை மண்டபங்களிலோ ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். பாதி குடித்த பாட்டில்கள் பந்தி முடிந்தபின் அணிவகுத்து நிற்கின்றன. அந்த மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவும் ஆள் இல்லை.

கடந்த நோன்பு முதல் என் அலுவலகப் பையில் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று நிரந்தரமாக இருக்கின்றது. முதல் நாள் சற்றே கூச்சமாக இருந்தது. கஞ்சி ஊற்றும் பெரியவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு அகப்பை கூடுதலாகவே ஊற்றினார். "கவர் என்றால் பிய்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து ஊற்ற வேண்டும் தம்பி" என்றார்.