இஞ்சினை இறக்கலாமா, விட்டுவிடலாமா?

பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு ஜோக் சொல்லிக்கொள்வார்கள்: ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம். சொல்லிச் சிரித்துவிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். காலையில் பார்த்தால் அட்டையில் இரண்டு யூரோ நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம். சரி செய்வதா, சகித்துக்கொள்வதா? என்னைக் கேட்டால், பெரும்பாலான கசிவுகளைச் சகித்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டை ஒரு வாரம்கூட விடக் கூடாது. எது எந்த வகை என்பதைச் சொட்டின் அளவை விட, அது விழும் இடமே தீர்மானிக்கும்.

1984 மாடலில் தொடங்கி 1989 வரை ஷ்டுட்கார்ட்டில் தயாரான கரேரா 3.2-வை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரங்களுக்கும் பின்னால், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள் படுத்திருக்கும். தண்ணீர் கிடையாது. ஒரு பெரிய ஃபேன் ஊதும் காற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சாதாரணக் காருக்கு நாலைந்து லிட்டர் ஆயில் போதும் என்றால், இதற்குப் பத்து லிட்டருக்கு மேல் வேண்டியிருப்பது அதனால்தான். அதில் பெரும்பகுதி, வலது பின்சக்கரத்துப் பக்கம் உள்ள தனி டாங்கில் இருக்கும். வண்டி வாரக்கணக்கில் சும்மா நின்றால் டாங்க் ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் கேஸில் நிறைந்துவிடும். ஓடும்போது ஆயில் தெறித்துவிட்டு மட்டும் போகும் ஓரங்களில் இப்போது தேங்கி நிற்கும். முப்பத்தைந்து வருஷத்தில் இறுகிப்போன ஓ-ரிங் எவ்வளவுதான் தாங்கும்? ஓடுகிற வண்டியை விட, போர்வை போர்த்தி வைத்த வண்டி அதிகம் ஒழுகும். எனவே பர்ஸைத் திறக்கும் முன் ஒரு மாதம் வண்டியை ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பது நல்லது. சில கசிவுகள் அதிலேயே அடங்கிவிடும்.

அடங்காதவற்றுக்கு, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மேலே கசிந்த ஆயில் கிராங்க் கேஸின் முதுகில் தேங்கி, சரிவு பார்த்து ஓடி, சம்பந்தமே இல்லாத ஒரு போல்ட்டின் நுனியில் சொட்டும். ஃபேன் காற்று அதை நாலாபக்கமும் வேறு அடித்திருக்கும். விவரமான மெக்கானிக் முதலில் இஞ்சினைப் பிசுக்குப் போகக் கழுவுவார். காய்ந்ததும் சந்தேகப்பட்ட இடங்களில் வெள்ளைப் பவுடர் அடிப்பார். பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். வெள்ளையில் முதலில் கறுத்த கோடுதான் குற்றவாளி. இதைச் செய்யாமல், வந்ததும் வராததுமாக ‘இஞ்சினை இறக்கணும்’ என்று சொல்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கோடு கீழ் வால்வு கவரில் தெரிந்தால் கவலை இல்லை. கேஸ்கெட்டை மாற்றுவது ஒரு பொழுது வேலை. கவரைக் கழற்றும்போது இன்னொரு லாபமும் உண்டு. சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் உடைவது இந்த இஞ்சின்களில் பழகிய நோய். ஏதாவது உடைந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆயில் ரிட்டர்ன் குழாய்கள். கேம்ஷாஃப்ட் பக்கத்திலிருந்து ஆயிலைக் கிராங்க் கேஸுக்குத் திருப்பி அனுப்பும் நாலு குழாய்கள், இரண்டு முனையிலும் ஓ-ரிங். இவற்றுக்கு நேர் கீழே சைலன்சருக்குப் போகும் சூடான எக்ஸாஸ்ட். 911-இல் ஹீட்டருக்கான காற்று அந்த எக்ஸாஸ்டைச் சுற்றி வந்து சூடேறித்தான் காருக்குள் நுழைகிறது. எனவே சொட்டு விழுந்தால் புகைவது வெளியே மட்டும் இல்லை; குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டதும் கருகிய ஆயில் நாற்றம் முகத்தில் அடிக்கும். மூச்சுக்கும் ஆகாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. விடவே கூடாத கசிவு என்று நான் சொல்வது இதைத்தான். நல்லவேளை, இதற்கு இஞ்சினை இறக்க வேண்டியதில்லை. பழைய குழாயை நசுக்கி வெளியே எடுத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் இரண்டு துண்டுக் குழாயை அந்த இடத்தில் பொருத்திவிடலாம்.

பர்ஸைப் பதம் பார்ப்பது மேல்பக்கம்தான். ஆயில் பிரஷர் சென்சர், தெர்மோஸ்டாட், பிரீதர் கவர் மூன்றும் ஃபேனுக்கும் இன்டேக்குக்கும் அடியில் ஒளிந்திருக்கின்றன. சாமான் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கை நுழைய இடமில்லாததால் பெரும்பாலும் இஞ்சினைக் கீழே இறக்கச் சொல்வார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கி நிற்பவை நாலே போல்ட்கள்தான். இறக்குவது கஷ்டமான காரியம் இல்லை. இறக்கிய பிறகு நடப்பதுதான் ஆபத்து. ‘கையோடு கையாக’ என்று ஆரம்பிப்பார்கள். கையோடு கையாகக் கிளட்ச், கையோடு கையாக ஃப்ளைவீல் பக்கத்துச் சீல், கையோடு கையாக வால்வு கைடு. வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்வது 3.2-வின் பலவீனம் என்பதால் அந்த யோசனையை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஒரு ஓ-ரிங்குக்காக உள்ளே போன வண்டி ஒரு வருஷம் கழித்து முழு ஓவர்ஹாலோடு வெளியே வருவது, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

ஆகவே இறக்கும் முன்பே லீக்-டவுன் டெஸ்ட் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றை அடைத்து எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கும் சோதனை. ஆறும் ஒன்றுபோல நன்றாக இருந்தால், மேல்பக்கத்துக் கசிவை நான் தொட மாட்டேன். கிளட்ச் பிளேட் தேயும்வரை காத்திருப்பேன். அதை மாற்ற எப்படியும் இஞ்சின் இறங்கித்தான் ஆக வேண்டும்; ஒரே கூலியில் இரண்டும் முடியும். டெஸ்ட் மோசமாக வந்தால் கதை வேறு. அப்போது பிரச்சினை கசிவே இல்லை. கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில் லேசாக ஈரம் கட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் இஞ்சினைப் பிளக்கச் சொல்பவரை நான் மெக்கானிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

ஜெர்மனியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனச் சோதனைகூட இப்படித்தான் தரம் பிரிக்கிறது. ஆயில் ஈரம் என்றால் பெரும்பாலும் ஒரு குறிப்போடு விட்டுவிடுவார்கள். தரையில் சொட்டினால் சோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கர் கிடைக்காது.

இந்தப் பொறுமை எல்லா போர்ஷேக்கும் பொருந்தாது. 1996-இல் வந்த பாக்ஸ்டர், அதை ஒட்டி வந்த 996 வகை 911 ஆகியவை தண்ணீரால் குளிரும் இஞ்சின் கொண்டவை. அவற்றில் இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் அது வெறும் கிராங்க்ஷாஃப்ட் சீலாக இருக்கலாம். இடைத்தண்டு பேரிங்கின் மூடியாகவும் இருக்கலாம். அந்தப் பேரிங் போனால் இஞ்சினே போச்சு. அமெரிக்காவில் இதற்காக போர்ஷே மீது வழக்கு வரை போனார்கள். கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் சீலைத் தொட முடியும். அதைக் கழற்றினால் பேரிங்கும் தெரியும். அங்கே ‘கையோடு கையாக’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்கலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. விற்பனைக்கு வந்த 3.2-வின் அடிப்பக்கம் பளபளவென்று இருந்தால் மயங்கிவிடாதீர்கள். முந்தின நாள் கழுவியிருப்பார்கள். இஞ்சின் கடைசியாக எப்போது இறங்கியது, என்னென்ன மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். சூடாகும்வரை நீங்களே ஓட்டிவிட்டு, சமதளத்தில் ஐடிலிங்கில் வைத்தே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் இந்த வண்டியில் அளவு சரியாக வராது. பிறகு அணைத்துவிட்டு, ஒரு காபி குடிக்கும் நேரம் காத்திருந்து அடியில் குனிந்து பாருங்கள். சொட்டு இருந்தால், கேட்ட விலையில் இஞ்சினை இறக்கும் கூலியைக் கழித்துப் பேரத்தைத் தொடங்கலாம்.